15 வெள்ளிப் பெட்டியும் 12 வருஷமும்: ‘மைண்ட் யுவர் லாங்குவேஜ்’ டிவிடி அனுபவம்

2012-ல் சிங்கப்பூர் போயிருந்தபோது ஒரு கடையின் தள்ளுபடித் தொட்டியில் இந்தப் பெட்டி கிடந்தது. நான்கு வட்டு, 29 பகுதி, விலை 15 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர். யோசிக்கவே இல்லை, எடுத்துவிட்டேன். அடுத்த பொங்கலுக்குக் காரைக்குடி வீட்டில் எல்லோரும் கூடியிருந்தபோது முதல் வட்டைப் போட்டோம். அதிலிருந்து 12 வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. வீட்டில் எது பழுதானாலும் பொறுத்துக்கொள்கிற ஆத்தா, இந்தப் பெட்டியை இடம் மாற்றி வைத்தால் மட்டும் கேட்பார்கள்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். 1977 டிசம்பர் 30 அன்று பிரிட்டனில் ஐடிவியில் தொடங்கிய நகைச்சுவைத் தொடர் இது. எழுதியவர் வின்ஸ் பவல், தயாரித்தது லண்டன் வீக்எண்ட் டெலிவிஷன். பிழைக்க லண்டனுக்கு வந்த பல நாட்டுக்காரர்கள் மாலை வகுப்பில் ஜெரமி பிரவுன் என்ற வாத்தியாரிடம் இங்கிலீஷ் படிக்கிறார்கள். அவ்வளவுதான் கதை. வாத்தியாராக நடித்தவர் பேரி எவான்ஸ். எங்கள் பக்கத்தில் இது ‘டெக்’ என்ற வீடியோ கேசட் பிளேயர் காலத்துச் சரக்கு. எண்பதுகளில் மலேசியாவிலிருந்து வருகிறவர்கள் பெட்டியில் மைலோ டப்பாவுக்கும் கோடாலித் தைலத்துக்கும் நடுவே கேசட்டைச் செருகிக்கொண்டு வருவார்கள். பார்த்துப் பார்த்து நாடா தேய்ந்து, கடைசியில் படத்தைவிடக் கோடுதான் அதிகம் தெரிந்தது. டிவிடியைப் பார்த்ததும் கை நீண்டது அதனால்தான்.

தரத்தைப் பற்றி ஒளிக்காமல் சொல்லவேண்டும். 4.7 ஜிபி வட்டு ஒன்றில் இரண்டு மணி நேரப் படத்தை நிம்மதியாக வைக்கலாம். இதில் ஒவ்வொரு வட்டிலும் ஏழெட்டுப் பகுதி, அதாவது ஏறக்குறைய மூன்று மணி நேரம். அந்த நெருக்கல் படத்தில் தெரிகிறது. யாராவது வேகமாக எழுந்தால் தோளோரம் கட்டம் கட்டமாக உடைகிறது. சிவப்புச் சட்டை போட்டவருக்கு நிறம் பக்கத்தில் வழிகிறது, ஆனால் இதில் வட்டைக் குறை சொல்ல முடியாது, அந்தக் காலத்து வீடியோ நாடாவின் குணம் அது. புது டிவியில் போட்டபோது எல்லோரும் குண்டாகத் தெரிந்தார்கள். டிவி அமைப்பில் படவிகிதத்தை 4:3 என்று மாற்றியதும் சரியாகிவிட்டது. பழைய தொடர் வாங்குகிறவர்கள் முதலில் செய்யவேண்டிய வேலை இதுதான்.

அப்புறம் மண்டலக் குறியீடு, எந்த ஊர் பிளேயரில் வட்டு ஓடும் என்று சொல்கிற எண். சிங்கப்பூருக்கு 3, நமக்கு 5. பெட்டியில் எல்லா மண்டலத்துக்கும் என்று அச்சடித்திருந்தார்கள், மூன்றாம் வட்டு மட்டும் ஓட மறுத்தது. பஸ் ஸ்டாண்டு பக்கம் பழுதுபார்க்கும் தம்பி ஒருவர் ரிமோட்டிலேயே நாலைந்து எண்ணைத் தட்டி, பிளேயரை எல்லா வட்டையும் வாங்குகிற மாதிரி ஆக்கிக்கொடுத்தார். அதற்குக் காசு வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

எனக்கு உண்மையிலேயே வருத்தம் ஒன்றில்தான். எழுத்து வசனம் (சப்டைட்டில்) எந்த மொழியிலும் கிடையாது. வகுப்பில் ஒருவர் இத்தாலிக்காரர், ஒருவர் கிரேக்கர், ஒருவர் ஸ்பெயின்காரர். ஆளுக்கொரு உச்சரிப்பு, அதற்கு மேல் காவலாளி சிட்னியின் லண்டன் தெருப் பேச்சு. எங்கள் வீட்டு முற்றத்தைச் சுற்றிய வளவில் ஆத்தங்குடிக் கல்தரையும் உயர்ந்த கூரையும் சேர்ந்து ஒவ்வொரு சொல்லையும் இரண்டாகத் திருப்பி அனுப்பும். டிவியை இரண்டாம் கட்டில் பத்தாயம் இருந்த சின்ன அறைக்கு மாற்றினோம். பேச்சு தெளிவாயிற்று, ஆனால் எட்டுப் பேருக்கு மேல் உட்கார இடமில்லை.

இங்கிலீஷ் அவ்வளவாகத் தெரியாத எங்கள் வீட்டுப் பெரியவர்கள் இதில் எதைப் பார்த்துச் சிரித்தார்கள் என்று வெளியூர் நண்பர்கள் கேட்பதுண்டு. அப்பச்சி, அதாவது என் அப்பா, 1957-ல், 16 வயதில், பினாங்கில் செட்டியார்கள் தொழில் நடத்திய கிட்டங்கிக்குப் பெட்டியடிப் பையனாக, அதாவது எடுபிடி வேலைக்கு, போனவர். போன புதிதில் அவருக்கு மலாய் சுலபம் என்று தோன்றிவிட்டது. கடையை ‘கெடை’ என்கிறான், கப்பலை ‘கப்பால்’ என்கிறான், இது நம் பாஷைதானே என்று. முதல் வாரமே மேலாள் உப்பு வாங்கிவரச் சொன்னார். அப்பச்சி கடையில் போய் உப்பு, உப்பு என்று விரலைக் குவித்துக் காட்டினார். கடைக்காரர் ‘காரம்?’ என்று கேட்டார். “காரம் வேண்டாம், உப்புதான் வேணும்” என்று இவர் தலையை ஆட்ட, அவர் உப்புச் சாடியைத் திறந்து காட்டி மறுபடியும் ‘காரம், காரம்’ என்றார். மலாயில் உப்புக்குப் பெயரே காரம்தான். உப்பைக் கண்ணால் பார்த்த பிறகும் அப்பச்சிக்கு நம்பிக்கை வரவில்லை, ஒரு கல்லை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்துத்தான் வாங்கினார்.

இந்தத் தொடரில் எந்த மாணவர் எந்தச் சொல்லில் தடுக்கி விழுந்தாலும், அப்பச்சிக்கு அந்த உப்புக்கல் நினைவுக்கு வந்துவிடும். ஹுவான் என்ற ஸ்பெயின்காரர் கேள்வி புரியாமலே முகமெல்லாம் சிரிப்பாகத் தலையாட்டுவார். “நான் ஆறு மாசம் இப்படித்தான் ஆட்டுனேன்” என்பார் அப்பச்சி. மாவோவின் சிவப்புப் புத்தகத்தோடு வருகிற சுங் சு-லீயாக நடித்த பிக்-சென் லிம் பினாங்கில் பிறந்தவர் என்று நான் படித்துச் சொன்னபோது எழுந்து உட்கார்ந்துவிட்டார். “நம்ம ஊருப் பிள்ளையாடா!” அன்றைக்கு அவர் வரும் காட்சிகளை மட்டும் தேடித் தேடிப் போடவேண்டியிருந்தது. சீக்கியர் ரஞ்சித் சிங்காக நடித்த ஆல்பர்ட் மோசஸ் இலங்கைக் கம்பளையில் பிறந்தவர். பாகிஸ்தானி அலியாக நடித்த டீனோ ஷஃபீக் பிறந்தது டாக்கா. இருவரும் வகுப்பில் சண்டை போடும்போது இங்கே கைதட்டலே விழும்.

ஆத்தாவுக்குப் பிடித்தது ஜமீலா. வகுப்பில் எந்நேரமும் பின்னல் ஊசியும் கையுமாக இருக்கிற, ஆரம்பத்தில் இங்கிலீஷ் சுத்தமாகத் தெரியாத அம்மாள். கல்யாணமான புதிதில் ஆத்தாவும் மூன்று வருஷம் பினாங்கில் இருந்தவர்கள். பக்கத்து வீட்டுச் சீனப் பெண்ணோடு கையால் பேசியே சிநேகமானவர்கள். ஜமீலா பின்ன, இங்கே ஆத்தா பனையோலையை நனைத்து மடியில் வைத்துக்கொண்டு கொட்டான் என்ற ஓலைக்கூடை முடைவார்கள். சில பகுதி முடியும்போது கொட்டானுக்கு அடிப்பாகம் முடிந்திருக்கும்.

எல்லாமே இன்றைக்கும் இனிக்கிறது என்று சொல்ல மாட்டேன். பிரெஞ்சுப் பெண் வகுப்புக்குள் நுழையும்போதெல்லாம் ஆண்கள் வாய்பிளப்பது நாலு தடவைக்கு மேல் சலிக்கிறது. சீனரையும் ஜப்பானியரையும் மோதவிடும் வசனங்கள் சில சுருக்கென்று தைக்கின்றன. இனங்களை இப்படி அச்சில் வார்ப்பது சரியில்லை என்று லண்டன் வீக்எண்ட் டெலிவிஷன் அதிகாரி மைக்கேல் கிரேட் 1979-ல் தொடரை நிறுத்தியதாகச் சொல்கிறார்கள். என் மகளும் அவர் கட்சி. அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது, அந்த இடங்களில் நானும் இப்போது சிரிப்பதில்லை. ஆனால் வாத்தியார் பிரவுன் ஒரு தடவைகூட மாணவரைத் துச்சமாகப் பார்ப்பதில்லை. தப்பாகச் சொன்னவருக்கு மறுபடி சொல்லிக்கொடுக்கிறார், மறுநாளும் வருகிறார். அதனால்தான் மூன்று வரிசையில் (சீசனில்) முதல் வரிசையின் 13 பகுதிகளை நான் கண்ணை மூடிக்கொண்டு சிபாரிசு செய்வேன். பிறகு வந்த எட்டும் எட்டும் ஏற்ற இறக்கமானவை. 1986-ல் வந்த 13 பகுதிகள் தனி, இந்தப் பெட்டியில் இல்லை, பழைய முகங்கள் சில மட்டுமே அதில் உண்டு.

பெட்டியின் இன்றைய நிலை: அட்டையை ராமபாணப் பூச்சி ஓரமாகத் தின்றுவிட்டது. உள்ளே வட்டைப் பிடிக்கும் பல் இரண்டு உடைந்து, நாலாம் வட்டு ஆடுகிறது. துடைக்கும்போது வேட்டித் துணியால் நடுவிலிருந்து ஓரம் நோக்கித் துடைக்கிறேன், சுற்றித் துடைத்து விழும் கீறல்தான் வட்டு ஓடுவதை அதிகம் கெடுக்கும். 2019-ல் எல்லாவற்றையும் ஹார்டு டிஸ்கில் ஏற்றிவைத்தேன், இரண்டாம் வட்டில் ஒரு பகுதி மட்டும் ஏறவில்லை. 18-வது நிமிஷத்தில் அப்படியே நின்றுவிடும்.

அப்பச்சி 2018-ல் காலமானார்கள். போன பொங்கலுக்குப் பேரப்பிள்ளைகள் இரண்டாம் வட்டைத்தான் போட்டார்கள். ரஞ்சித் வாயைத் திறந்தபடி நின்றுவிட்டார். “மிச்சம் என்ன அப்பத்தா?” என்று சின்னவன் கேட்டான். ஆத்தா ஓலையைக் கீழே வைத்துவிட்டு, அலி என்ன சொன்னான், வாத்தியார் எப்படி முழித்தார், மணி அடித்ததும் யார் முதலில் ஓடினார்கள் என்று கடைசிவரை தமிழில் சொன்னார்கள்.