காசை எதில் வைப்பது? எதற்காகச் சேர்க்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது

நாணயம் சேர்ப்பவர்கள் காசு வாங்கும்போது லென்ஸ் வைத்து அங்குலம் அங்குலமாகப் பார்ப்பார்கள். அதைப் போட்டுவைக்கும் உறையை மட்டும் கைக்குக் கிடைத்தபடி வாங்கிவிடுவார்கள். புழக்கத்தில் தப்பித்த காசு ஆல்பத்துக்குள் கெட்டுப்போவது இப்படித்தான்.

எந்த உறை நல்லது என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடையாது. ஒருவர் வரிசையில் விட்டுப்போன ஆண்டைத் தேடி நிரப்புகிறார். இன்னொருவருக்குத் தாத்தா பெட்டியில் கிடந்த நாலு காசுதான் மொத்தத் தொகுப்பு. வேறொருவர் பழைய அரசனின் பெயரை விரலால் தடவிப் பார்க்க ஆசைப்படுகிறார். அச்சுப் பிழை தேடுபவர், வெள்ளியின் எடைக்காக வாங்குபவர், செதுக்கலின் அழகில் மயங்கியவர் என்று ஆசை ஆளுக்கு ஆள் மாறும். ஆசைக்குப் பொருந்தாத உறை காசையும் கெடுக்கும், அதைப் பார்க்கும் சுகத்தையும் கெடுக்கும். அதனால் கடைகளில் கிடைக்கும் உறை வகைகளை இங்கே அந்த ஆசைகளோடு சேர்த்தே எடைபோட்டிருக்கிறோம்.

யாருக்குமே ஆகாத ஒன்றை முதலில் சொல்லிவிடலாம். மெதுமெதுவென்று வளையும் பிவிசி தாள். ஒரு பக்கத்துக்கு இருபது பை வைத்து, ஆரம்பநிலை ஆல்பங்களில் வருவது பெரும்பாலும் இதுதான். பிவிசி இயல்பில் விறைப்பான பிளாஸ்டிக். அது வளைய வேண்டும் என்பதற்காக எண்ணெய் போன்ற மென்மையாக்கிகளைச் சேர்க்கிறார்கள். நாளாக ஆக அவை கசிந்து காசின் மேல் படியும். பிவிசியும் மெல்லச் சிதைந்து ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை வெளிவிடும். வெப்பமும் ஈரமும் இருந்தால் வேகம் கூடும். அமிலம் செம்பைத் தேடிப் பிடிக்கும். வெள்ளிக் காசு தப்பிவிடும் என்று நினைக்கக் கூடாது. 90 சதவீத வெள்ளி என்றால் மீதி 10 சதவீதம் பொதுவாகச் செம்பு. வெள்ளை நிறத்தில் இருக்கும் செம்பு-நிக்கல் காசிலும் வழக்கமாக 75 சதவீதம் செம்புதான்.

கேடு மூன்று படியாக வரும். முதலில் பளபளப்பின் மேல் பனி படர்ந்த மாதிரி ஒரு மங்கல். விளக்குக்கு அடியில் காசைச் சாய்த்துத் திருப்பினால்தான் தெரியும். அடுத்து எழுத்துகளின் இடுக்கிலும் விளிம்பை ஒட்டியும் பச்சையாக, பிசுபிசுப்பாக ஒரு களிம்பு. கடைசியில் களிம்புக்கு அடியில் உலோகம் அரித்துக் குழி விழும். முதல் இரண்டையும் மீட்கலாம், மூன்றாவதை முடியாது.

வாங்கும்போதே கண்டுபிடிக்க வழி இருக்கிறது. புது மழைக்கோட்டைப் பிரித்தால் அடிக்கும் அதே வாடை தாளில் வந்தால் அது பிவிசி. பாலியஸ்டர் தாள் கசக்கினால் சலசலக்கும், வாடை இருக்காது. உறுதியாகத் தெரிய வேண்டும் என்றால் செப்புக் கம்பிச் சோதனை. கம்பியின் நுனியைத் தீயில் காட்டி, சுடரில் நிறம் எதுவும் வராத அளவுக்குச் சிவக்கக் காய்ச்சுங்கள். சூட்டோடு தாளின் ஒரு துணுக்கில் தொட்டு எடுத்து மறுபடி தீயில் காட்டுங்கள். சுடர் பச்சையாக எரிந்தால் குளோரின் இருக்கிறது, தாளைத் தூக்கிப் போடலாம். புகை நல்லதல்ல, திறந்த வெளியில் செய்ய வேண்டும்.

ஏற்கெனவே களிம்பு பிடித்த காசுக்கு மருந்து சுத்தமான அசிட்டோன். நகப்பூச்சு நீக்கி என்று விற்பதில் வாசனையும் எண்ணெயும் கலந்திருக்கும், அது வேண்டாம். இரண்டு கண்ணாடிக் கிண்ணங்களில் ஊற்றிக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் கிண்ணம் கரைந்துவிடக்கூடும். முதல் கிண்ணத்தில் காசை முழுக ஊறவிட்டு, பிசுக்கு இளகியதும் விளிம்பைப் பிடித்துத் தூக்கி இரண்டாவது கிண்ணத்தில் அலசி எடுத்து, தானாக உலர விட வேண்டும். அவ்வளவுதான். துணியால், பஞ்சால், விரலால் என்று எதனாலும் தேய்க்கக் கூடாது. தேய்த்தால் களிம்போடு இருந்த தூசி காசின் மேல் மயிரிழைக் கீறல் போடும். அந்தக் கீறல் போகவே போகாது. அசிட்டோன் உலோகத்தைத் தொடாது, இயற்கையாக ஏறிய நிறத்தையும் எடுக்காது. ஆனால் வண்ணம் பூசிய நினைவு நாணயத்தை அதில் போட்டால் வண்ணம் கழன்று வந்துவிடும். சட்டென்று தீப்பிடிக்கும் பொருள் என்பதால் அடுப்பு எரியும் அறையில் இந்த வேலை வேண்டாம்.

இப்போது நல்ல செய்தி. எல்லா வகையிலும் நம்பி வாங்கக்கூடியது, பலரும் மலிவுப் பொருள் என்று ஒதுக்குகிற அட்டை ஃபிளிப். நடுவே வட்டச் சன்னலும் அதில் மைலார் எனும் பாலியஸ்டர் படலமும் உள்ள அட்டை. மடித்தால் 2 அங்குலச் சதுரம். வரிசை நிரப்புபவருக்கும் அச்சுப் பிழை தேடுபவருக்கும் இதைவிடப் பொருத்தமானது இல்லை. காரணம் படலம் அல்ல, அட்டை. ஆண்டு, அக்கசாலைக் குறி (எந்த நாணயச் சாலையில் அடித்தது என்ற அடையாளம்), எடை, எங்கே கிடைத்தது, பிழை எந்த எழுத்தில் என்று காசின் சாதகத்தையே அதில் எழுதிவிடலாம்.

சன்னல் 17.5 மி.மீ. முதல் 39.5 மி.மீ. வரை பல அளவுகளில் வருகிறது. காசைவிடச் சற்றே பெரிய சன்னல் போதும். ரொம்பப் பெரிதானால் காசு நகர்ந்துபோய், அட்டையை மூட அடிக்கும் ஸ்டேப்ளர் பின்னில் இடிக்கும், சிறிதானால் விளிம்பு அட்டையில் உரசும். செய்யும் முறையில்தான் பலர் தவறுகிறார்கள். எழுத வேண்டியதைக் காசு வைப்பதற்கு முன்பே எழுதுங்கள், வைத்த பிறகு பேனாவை அழுத்தினால் அழுத்தம் காசுக்குப் போகும். அட்டைத் துகளை ரப்பர் பல்பால் ஊதித் தள்ளுங்கள். வாயால் ஊதவே கூடாது. கண்ணுக்குத் தெரியாத எச்சில் துளி ஒன்று செப்புக் காசில் விழுந்தால், பின்னாளில் அதே இடத்தில் கரும்புள்ளி எழும். மடித்தபின், திறந்திருக்கும் மூன்று பக்கமும் காசை விட்டுத் தள்ளிப் பின் அடியுங்கள். துருப்பிடிக்காத பின் கிடைத்தால் அதையே வாங்குங்கள். அடித்ததும் பின்புறக் கால்களைப் பிளையரால் தட்டையாக நெரித்துவிட வேண்டும். இந்தக் கடைசி வேலையைச் சோம்பல்பட்டு விட்டுவிட்டால், பெட்டியில் அடுத்திருக்கும் ஃபிளிப்பின் படலத்தைப் பின்னின் முனை கிழித்து, உள்ளே இருக்கும் காசின் முகத்தில் கோடு போடும். பழைய தொகுப்புகளில் கன்னத்தில் குறுக்காக ஓடும் அந்த ஒற்றைக் கோட்டுக்குப் பெரும்பாலும் இதுதான் மூலம். காசை வெளியே எடுக்கும்போதும் அட்டையைப் பிய்க்காமல் மூன்று பின்னையும் முதலில் கழற்றிவிடுங்கள்.

குறை என்று பார்த்தால் படலம் மெல்லியது, நாள்பட்டால் வெடிக்கும், வருடம் ஒருமுறை புரட்டிப் பார்க்க வேண்டும். தடித்த காசுக்கு அட்டை விரிந்துகொடுக்காது. பின் வேண்டாத, பசையால் ஒட்டும் வகை அழகாக இருக்கும். ஆனால் ஒருமுறை ஒட்டினால் கிழித்துத்தான் திறக்க முடியும். அடிக்கடி எடுத்துப் பார்ப்பவருக்கு அது சரிப்படாது.

துளையில் காசை அமுக்கி வைக்கும் அட்டை ஆல்பத்துக்கு ஒரு தனிக் கவர்ச்சி உண்டு. அதன் உண்மையான சரக்கு நிரம்பிய துளை அல்ல, காலித் துளை. இன்னும் ஒன்று பாக்கி என்று அது கேட்டுக்கொண்டே இருக்கும். அமெரிக்க வங்கியாளர் லூயிஸ் எலியாஸ்பெர்க், தம் நாட்டின் அறியப்பட்ட எல்லா நாணயங்களையும் ஆண்டு வாரியாக, அக்கசாலை வாரியாகச் சேர்த்து 1950-ல் வரிசையை முடித்தார். கடைசி இடத்தை நிரப்பியது 1873-ம் ஆண்டின் ஒரு பத்து சென்ட் காசு, உலகில் அந்த வகையில் அது ஒன்றே ஒன்று. முடித்துக் காட்ட வேண்டும் என்ற அந்தத் தவிப்பு இருப்பவருக்கு இந்த ஆல்பம் சரியான துணை. ஆனால் புழங்கித் தேய்ந்த காசை மட்டும் வையுங்கள். புதுக் கருக்கு அழியாத காசை வைத்தால் மூன்று கேடு வரும். அமுக்கும் பெருவிரலின் ரேகை முகப்பில் பதியும், அதன் உப்பும் அமிலமும் செம்பில் நிரந்தரமாகிவிடும். துளைகளை மூடப் பக்கவாட்டில் இழுக்கும் பிளாஸ்டிக் பட்டை, உருவத்தின் கன்னம், கூந்தல் போன்ற மேடான இடங்களில் இணைகோடுகளாக உரசும். அட்டையில் கந்தகம் இருந்தால் வெள்ளிக் காசின் விளிம்பைச் சுற்றி வளையமாக நிறம் ஏறும். அமுக்கும்போது மெல்லிய கையுறை போட்டு விளிம்பில் மட்டும் அழுத்துவதும், பட்டையை இழுக்கும்போது காசு துளையின் மட்டத்துக்குக் கீழே இறங்கியிருக்கிறதா என்று பார்ப்பதும் பாதி ஆபத்தைக் குறைக்கும்.

வரிசை எதுவும் வேண்டாம், இந்த ஒரு காசு போதும் என்பவர், காசளவு வட்டப் பெட்டியான கேப்சூல் வாங்கட்டும். அழகுக்காகச் சேர்ப்பவருக்கும் இதுவே. இரண்டு மூடியும் விறைப்பான, தெளிவான பிளாஸ்டிக். காசின் முகத்தில் எதுவும் படாது. பிளாஸ்டிக் காலிப்பரால் விட்டத்தை அளந்து, அதற்கென்றே வார்த்த அளவைக் கேளுங்கள். இரும்புக் காலிப்பர் விளிம்பைக் கீறும். ஒரே கேப்சூலில் பல அளவுகளைப் பொருத்தக் கருப்பு நுரை வளையம் போட்டு விற்பது இரண்டாம் தேர்வுதான். சில நுரைகள் நாள்பட்டுப் பொடியாகும், சில காசின் ஓரத்தை நிறம் மாற்றும். இன்னொன்று, மூடியபின் உள்ளே காற்று போகாது என்று நம்பிவிடக் கூடாது, போகும்.

தாத்தாவின் காசை வைக்கப்போகிறவருக்கு இரண்டு வார்த்தை. அதைத் துலக்காதீர்கள். புளி, சாம்பல், பற்பசை, வெள்ளி துலக்கும் திரவம் எதுவும் வேண்டாம். அவர் கையில் தேய்ந்த தேய்வும் இடுப்பு முடிச்சில் ஏறிய கருமையும்தானே அதை வைத்திருப்பதற்கான காரணம். துலக்கினால் மிஞ்சுவது, கடையில் யாரும் வாங்கக்கூடிய ஒரு பளபளப்பான வட்டம். அடுத்து, அமிலமற்ற தாளில் பென்சிலால் யார் கொடுத்தது, எந்த ஆண்டு, எப்படி வந்தது என்று எழுதி, கேப்சூலோடு ஒரே பெட்டியில் வையுங்கள், கேப்சூலுக்கு உள்ளே அல்ல. அந்தத் தாள் இல்லாவிட்டால் அடுத்த தலைமுறையில் அது வெறும் பழங்காசு.

வரலாற்றுக்காகச் சேர்ப்பவர் கதை வேறு. அவருக்குக் காசு கையில் படவேண்டும். இந்த ஆசை மிகப் பழையது. இத்தாலியக் கவிஞர் பெட்ரார்க் 1354-ல் மாந்துவா நகரில் பின்னர் பேரரசராக முடிசூடிய நான்காம் சார்லஸைச் சந்தித்தபோது, தாம் சேர்த்த பழைய ரோமானியக் காசுகளைப் பரிசளித்தார். முன்னோர் ஆண்ட முறையைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்பதே அதன் பொருள். இப்படிப்பட்டவருக்கு இழுப்பறைத் தட்டு வைத்த மரப்பெட்டிதான் ஏற்றது. மரம் மகோகனியாக இருக்கட்டும். ஓக் மரம் அமில ஆவியை வெளிவிட்டு ஈயத்தையும் வெண்கலத்தையும் அரிக்கும்.

ஆனால் மண்ணிலிருந்து எடுத்த செம்பு, வெண்கலக் காசுகளுக்கு மரத்தைவிட ஈரம் பெரிய எதிரி. காசுக்குள் குளோரைடு உப்பு தங்கியிருந்து, அதோடு ஈரக்காற்று சேர்ந்தால் வெண்கல நோய் கிளம்பும். காலத்தால் ஏறிய நல்ல பழம் பச்சையையும் நோயையும் பிரித்தறிவது கடினமில்லை. பழம் பச்சை வழவழப்பாக, கெட்டியாக இருக்கும், மரக் குச்சியால் சுரண்டினால் வராது. நோய் வெளிர் பச்சையில் மாவு மாதிரி இருக்கும். தொட்டால் உதிரும், அடியில் குழி இருக்கும், துடைத்தாலும் சில நாளில் திரும்ப வரும். அந்தக் காசைத் தனியே எடுத்து, இறுக மூடும் பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு வைத்து, ஈரப்பதத்தை 40 சதவீதத்துக்குக் கீழே நிறுத்துங்கள். மூடாத இழுப்பறையில் ஜெல் வைப்பதில் பயனில்லை, அறையின் ஈரத்தையெல்லாம் குடித்துவிட்டு ஓய்ந்துபோகும். நிறம் மாறும் வகையில் ஆரஞ்சு மணிகளை வாங்கலாம், ஈரம் குடித்ததும் பச்சையாகும். 120 டிகிரி செல்சியஸ் சூட்டில் வைத்து உலர்த்தினால் மறுபடி பயன்படும். நீல மணிகளில் இருப்பது நச்சுத்தன்மையுள்ள கோபால்ட் குளோரைடு, வீட்டுக்கு வேண்டாம்.

தரச்சான்று போட்டு முத்திரையிட்ட பிளாஸ்டிக் உறையான ஸ்லாப், விற்று வாங்குபவருக்கானது. இப்படித் தரச்சான்று தரும் நிறுவனங்களில் பிசிஜிஎஸ் 1986-லும் என்ஜிசி 1987-லும் தொடங்கின. இரண்டும் 1949-ல் வில்லியம் ஷெல்டன் வகுத்த 1 முதல் 70 வரையான அளவுகோலை ஒட்டியே தரம் போடுகின்றன. போலிக் காசிலிருந்து நல்ல பாதுகாப்பு, சந்தேகமில்லை. ஆனால் போலி ஸ்லாப்களும் உலவுகின்றன. சான்று எண்ணை நிறுவனத்தின் தளத்தில் போட்டு, அங்கே வரும் படத்தோடு காசை ஒப்பிட்டுப் பார்க்காமல் வாங்காதீர்கள். பூட்டிய ஸ்லாப்பில் காசின் ஓரத்தை முழுதாகப் பார்க்க முடியாது, எடைபோடவும் முடியாது. பிழை தேடுபவருக்கும் வரலாற்றுக்காரருக்கும் அது பெரிய இழப்பு.

வெள்ளியின் எடைக்காக வாங்குபவருக்கு உருளை வடிவ விறைப்பான குழாய் போதும். விட்டம் பொருந்தினால் சரி, மேலே மிஞ்சும் இடத்தில் அமிலமற்ற தாளைச் சுருட்டி வைத்தால் காசுகள் ஒன்றோடொன்று மோதாது.

வீட்டில் வளையும் பிவிசி தாள் ஆல்பம் ஒன்று இருந்து, எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற நேரமில்லை என்றால், செப்பையும் வெண்கலத்தையும் முதலில் வெளியே எடுங்கள். அடுத்து வெள்ளி, அதற்குப் பிறகு செம்பு-நிக்கல். துருப்பிடிக்காத எஃகுக் காசுகள் கடைசி வரை காத்திருக்கும். எடுத்த காசை நேரே புது உறையில் போட்டுவிடாமல், விளக்குக்கு அடியில் சாய்த்துப் பாருங்கள். மங்கலோ பிசுக்கோ தெரிந்தால் முதலில் அசிட்டோன், நன்றாக உலர்ந்த பிறகே புது உறை.