ஓகேம்: வினாடிக் கணக்கில் நடக்கும் கூட்டணிப் போர்

கும்பகோணத்தில் ஓர் அரிசி மண்டியில் கணக்கு எழுதும் நான், மன்னார்குடி, நன்னிலம், திருவையாறு ஆகிய ஊர்களில் இருக்கும் மூன்று நண்பர்களோடு ஒரே கூட்டணியாக, இரண்டு ஆண்டுகளாக ‘ஓகேம்’ விளையாடி வருகிறேன். 2002-இல் ஜெர்மனியில் தொடங்கப்பட்ட இந்த விண்வெளி உத்தி விளையாட்டு பிரவுசரிலேயே ஓடுகிறது. சாதாரண செல்போனும் சுமாரான இணைய இணைப்பும் போதும். திரையில் பெரும்பாலும் எண்களும் பட்டியல்களுமே இருக்கும். கப்பல்கள் சுட்டுக்கொள்வதை நாம் பார்க்க முடியாது. அதிகபட்சம் ஆறு சுற்றுகளாகச் சண்டையைக் கணக்கிட்டு, முடிவை ஓர் அறிக்கையாகத் தருகிறார்கள். கண்ணுக்கு விருந்து தேடுவோர் ஒரு வாரத்தில் விலகிவிடுவார்கள். கூட்டணிப் போரைக் கற்க விரும்புவோருக்கு, எனக்குத் தெரிந்தவரை இதைவிட நல்ல விளையாட்டு இல்லை.

காரணம், இங்கே படை எவ்வளவு பெரியது என்பதைக் காட்டிலும் அது எந்த வினாடியில் எங்கே நிற்கிறது என்பதே வெற்றியைத் தீர்மானிக்கிறது. நாம் தூங்கும்போதும் ஆட்டம் ஓடிக்கொண்டே இருக்கும்; கோளில் நிற்கும் கப்பல்களை யாரும் தாக்கலாம். அதனால் தூங்கப் போகும் வீரர் தம் கப்பல்களைத் தம் கோளில் விட்டுவைக்க மாட்டார். விடியும்போது திரும்பி வரும்படி எங்காவது அனுப்பிவிடுவார். இதற்கு ஃப்ளீட்சேவ் என்று பெயர். எதிரியிடம் சந்திரன் இருந்து, அதில் ஃபேலங்ஸ் என்னும் உளவு நிலையமும் இருந்தால், அதன் வீச்சுக்குள் இருக்கும் கோளுக்கு எந்தப் படை எந்த வினாடியில் திரும்புகிறது என்பதை, ஒரு தடவைக்கு 5,000 டியூட்டீரியம் (ஆட்டத்தின் எரிபொருள்) செலவழித்துப் பார்த்துவிடலாம். படை இறங்கிய ஓரிரு வினாடியில் தாக்குதல் போய்ச் சேர்ந்தால் தப்ப வழியில்லை. ஆனால் ஃபேலங்ஸால் கோள்களைத்தான் பார்க்க முடியும், சந்திரன்களைப் பார்க்க முடியாது. அதனால் விவரம் தெரிந்தவர்கள் சந்திரனிலிருந்து கிளம்பிச் சந்திரனுக்கே திரும்புவார்கள்.

அப்படிப்பட்டவரைப் பிடிக்க அவருடைய சந்திரனையே உடைக்க வேண்டும். படை வெளியே இருக்கும்போது சந்திரன் உடைந்தால், அந்தப் படை அதே நேரத்துக்குக் கோளில் வந்து இறங்கும். அங்கே ஃபேலங்ஸ் காத்திருக்கும். கணக்கு எழுதுபவன் என்பதாலோ என்னவோ, இந்த இடம் எனக்கு மிகவும் பிடிக்கும். சந்திரனின் விட்டத்துக்கு வர்க்கமூலம் கண்டு, அதை நூறிலிருந்து கழித்து, வரும் எண்ணை, சந்திரனை உடைக்க அனுப்பும் ராட்சதக் கப்பல்களான டெத்ஸ்டார்களின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் பெருக்கினால், உடைவதற்கான வாய்ப்பு விழுக்காட்டில் கிடைக்கும். 8,100 கிலோமீட்டர் சந்திரன் என்றால் வர்க்கமூலம் 90, மீதி 10; ஒன்பது டெத்ஸ்டார் அனுப்பினால் வாய்ப்பு 30 விழுக்காடு. அதே சமயம், அனுப்பிய டெத்ஸ்டார்கள் அனைத்தும் அழிந்துபோகும் ஆபத்து 45 விழுக்காடு. பல மாத உழைப்பை இப்படிப் பணயம் வைக்கலாமா என்று நாங்கள் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை பேசியிருக்கிறோம்.

கூட்டுத் தாக்குதலில் ஐந்து வீரர்களின் 16 படைகள் வரை ஒரே வினாடியில் இறங்கலாம். குழுவில் மிக மெதுவாக வரும் படையின் நேரம்தான் எல்லோருக்கும் நேரம். பின்னால் சேருபவர், மீதமுள்ள பயண நேரத்தில் 30 விழுக்காடு வரை வருகையைத் தள்ளிவிட முடியும். சென்ற மார்கழியில் ஒரு நாள், எதிரியின் படை அதிகாலை 3:12:40-க்குக் கோளில் இறங்கும் என்று பார்த்து, 3:12:42-க்கு எங்கள் தாக்குதலை அமைத்திருந்தோம். நன்னிலத்து நண்பர் சேர்ந்தபோது, அவருடைய படையில் சிதைவுகளை அள்ளும் கப்பலான ரீசைக்ளர் ஒன்றே ஒன்று தவறிக் கலந்திருந்தது. வேகம் குறைந்த அந்தக் கப்பலால் மொத்தக் குழுவும் நான்கு நிமிடம் பின்தங்கியது. நால்வரும் போனில் பேசிக்கொண்டே பார்த்திருக்க, இறங்கிய படையை எதிரி 3:14-க்குக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். அன்றிலிருந்து, அனுப்பும் பட்டனை அழுத்துவதற்கு முன் கப்பல் பட்டியலை ஒருவர் வாய்விட்டுப் படிக்க, இன்னொருவர் சரிபார்க்கிறார்.

தற்காப்பிலும் கூட்டணிதான் கைகொடுக்கிறது. தோழமைக் கோளில் நம் படையை நிறுத்தி வைக்கலாம். தாக்க வருபவர் உளவு பார்த்து முடித்த பிறகு, அவர் இறங்குவதற்கு ஓரிரு வினாடி முன்னால் அந்தப் படை போய்ச் சேரும்படி அமைப்பதுதான் திறமை. இதற்கு யாராவது ஒருவர் விழித்திருக்க வேண்டும். டெல்டாக்காரர்களுக்கு இது புதிதல்ல. வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் விடும் காலத்தில், நம் முறை நள்ளிரவில் வந்தாலும் மண்வெட்டியோடு போய் நிற்பவர்கள்தானே நாம்? அதே வழக்கப்படி இரவை நான்காகப் பிரித்துக்கொண்டோம். பின்னிரவு முறை, வயலுக்கு மோட்டார் போட எழுந்திருக்கும் திருவையாற்று நண்பருடையது.

குறைகள் உண்டு. டார்க் மேட்டர் என்னும் ஆட்டத்தின் சிறப்பு நாணயத்தைக் காசு கொடுத்து வாங்குபவருக்குக் கிடைக்கும் வசதிகள், நீண்ட போரில் நன்றாகவே தெரிகின்றன. தமிழில் விளையாட வழியில்லை. எல்லாவற்றையும்விட, தூக்கம் கெடுகிறது. பள்ளி, கல்லூரித் தேர்வுக் காலத்தில் இதைத் தொடவே வேண்டாம்.

புதிதாகச் சேருபவர்கள், படைகளின் வேகம் குறைவாக உள்ள யூனிவர்ஸாக (தனித்தனியாக நடக்கும் ஆட்டக் களங்களில் ஒன்று) தேர்ந்தெடுங்கள். ஏழெட்டு மணி நேரப் பயணத்துக்குப் படையை அனுப்பிவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். தாக்குதல் வந்தாலும் கூட்டணிக்காரரைப் போனில் எழுப்ப நேரம் இருக்கும்.