பி.ஆர்.பி. ஊசி: வலி குறைந்தது, கணக்குதான் கிடைக்கவில்லை

முழங்கால் தேய்மானத்திற்குப் பி.ஆர்.பி. ஊசி போட்டுக்கொள்ளலாமா என்று என் தோழி கேட்டிருக்கிறார். நம் இரத்தத்தையே எடுத்துச் சுழற்றி, அதில் உள்ள தட்டணுக்களை (இரத்தம் உறைய உதவும் நுண்ணணுக்கள்) செறிவாக்கி மூட்டுக்குள் செலுத்துவதுதான் பி.ஆர்.பி. (பிளேட்லெட் ரிச் பிளாஸ்மா). அவருக்கும் என்னைப் போலவே அறுபதைத் தாண்டிய வயது. தேய்மானமும் இன்னும் முற்றவில்லை. நான் போட்டுக்கொண்டு ஓராண்டுக்கு மேல் ஆகிவிட்டதால், விரிவாகவே எழுதுகிறேன்.

முதல் சில நாள்கள் முழங்கால் வீங்கி, முன்பைவிட அதிகமாக வலித்தது. ஐபுபுரூஃபன் போன்ற மாத்திரைகள் தட்டணுக்களின் வேலையைத் தடுக்கும் என்பதால் பாராசிட்டமால் மட்டுமே அனுமதித்தார்கள். ஒரு மாதம் கழித்துத்தான் மாற்றம் தெரிந்தது. காலையில் கட்டிலை விட்டு இறங்கும்போது இருந்த விறைப்பு தளர்ந்தது; மாடிப்படியில் ஒவ்வொரு படியிலும் இரண்டு கால்களையும் சேர்த்து வைத்து இறங்கும் நிலை மாறியது. இந்த நிம்மதி இன்றும் பெருமளவு நீடிக்கிறது.

ஆனால் என் மூட்டுக்குள் என்ன செலுத்தினார்கள் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. கையிலிருந்து எடுத்த இரத்தத்தைச் சுழற்றி எடுத்தபின், குழாயின் அடியில் சிவப்பணுக்களும், அதன்மேல் நூலிழை போன்ற வெளிறிய படலமும், மேலே வைக்கோல் நிறத் திரவமும் பிரிந்து நின்றதைக் கண்ணால் பார்த்தேன். அந்தத் திரவத்தில் தட்டணுக்கள் எத்தனை, வெள்ளணுக்களை நீக்கினார்களா என்று கேட்டதற்கு, "எல்லாம் நல்லபடியாக வந்திருக்கிறது அம்மா" என்பதே பதிலாக இருந்தது. பில்லில் "பி.ஆர்.பி. கிட்" என்ற ஒற்றை வரியும், மருத்துவ அறிக்கையில் ஊசி போடப்பட்டது என்ற குறிப்பும் மட்டுமே உள்ளன. சாதாரண இருமல் மருந்துப் புட்டியில்கூட எந்த மருந்து எத்தனை மில்லிகிராம் என்று அச்சிட்டிருக்கிறது!

இது வீண் பிடிவாதம் அன்று. சாதாரண இரத்தத்தில் ஒரு மைக்ரோலிட்டருக்கு ஒன்றரை முதல் நாலரை லட்சம் தட்டணுக்கள் இருக்கும். அதைப் பல மடங்கு செறிவாக்குவதில்தான் இந்தச் சிகிச்சையின் முழு நம்பிக்கையும் இருக்கிறது. 2021இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில், ஐம்பது வயதைக் கடந்த 288 பேரில் ஒரு பாதிக்குப் பி.ஆர்.பி.யும் மறுபாதிக்கு வெறும் உப்புநீரும் வாரம் ஒன்றாக மூன்று முறை செலுத்தினார்கள். ஓராண்டு முடிவில் வலியிலும் குருத்தெலும்பின் அளவிலும் இரு தரப்புக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அங்கே பயன்படுத்திய திரவத்தில் செறிவு போதவில்லை என்று அந்த ஆய்வை விமர்சித்தவர்கள் எதிர்வாதம் வைத்தார்கள். அதே ஆண்டு வந்த ஓர் இந்திய ஆய்வு, எட்டு மில்லிலிட்டரில் ஆயிரம் கோடித் தட்டணுக்கள் கொடுத்தபோது நல்ல பலன் கிடைத்ததாகச் சொன்னது. அறிஞர்களின் சர்ச்சையே எண்ணிக்கையைப் பற்றியதாக இருக்கும்போது, பணம் கொடுத்த நோயாளிக்கு அந்த எண்ணிக்கையைச் சொல்ல மறுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. என் நிம்மதி ஊசியால் வந்ததா, கூடவே விடாமல் செய்துவந்த தொடைத்தசைப் பயிற்சியால் வந்ததா என்று பிரித்தறியும் வழியையும் அடைத்துவிட்டார்கள்.

ஆகவே, நன்றாக நடமாடிக்கொண்டிருக்கும் நானே தோழியிடம் இப்போதைக்கு வேண்டாம் என்றுதான் சொன்னேன். முதலில் ஒரு பிசியோதெரபிஸ்டிடம் முறையாகப் பயிற்சி கற்று, எடையையும் சற்றுக் குறைத்துப் பார்க்கட்டும். பிறகும் ஊசிதான் வேண்டுமென்றால், செலுத்தும் திரவத்தை எண்ணிப் பார்த்து, அந்த எண்ணிக்கையைத் தாளில் எழுதிக் கையொப்பமிட்டுத் தரும் மருத்துவரைத் தேடிப் போகட்டும்.