மறதிக்கு எந்தச் சோதனை: ஊரிலேயே முடிப்பதா, மதுரைக்குப் போவதா?

வயது ஐம்பதைத் தாண்டியவர் பெயர் மறந்து தடுமாறுகிறார், கொடுத்த கடனை மறந்து மறுபடியும் கொடுக்கிறார் என்றால், ராமநாதபுரம் கரையோர வீடுகளில் முதலில் வரும் பேச்சு, "ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துருவோம்" என்பதுதான். ஸ்கேனுக்குக் காசு புரட்டத் தயங்காத குடும்பம், உட்கார வைத்துக் கேள்வி கேட்கும் சோதனை என்றால் யோசிக்கிறது. மனநோயாளிகளைக் கூட்டி வரும் தர்கா உள்ள ஏர்வாடி பக்கத்திலேயே இருப்பதாலோ என்னவோ, மனநல மருத்துவம் என்றாலே இங்கே ஒரு கூச்சம். அதை ஓரமாக வைத்துவிட்டு எதில் என்ன கிடைக்கும் என்று பார்ப்போம்.

ஸ்கேன் மூளையின் உருவத்தைக் காட்டும். பக்கவாதத் தழும்பு, கட்டி, தலையில் அடிபட்ட பிறகு மெல்லச் சேரும் ரத்தம் இதெல்லாம் அதில்தான் தெரியும். ஆனால் ஆள் எவ்வளவு ஞாபகம் வைத்திருக்கிறார் என்று அது சொல்லாது. 'வயதுக்கேற்ற சுருக்கம்' என்ற அறிக்கை நன்றாக யோசிக்கிறவருக்கும் வரும். ஸ்கேனுக்கு முன்பே வைட்டமின் பி12, தைராய்டு, சர்க்கரை பார்ப்பது என் கணக்கில் கட்டாயம். மருந்தால் சரியாகும் மறதி அங்கேதான் பிடிபடும், செலவும் குறைவு.

அடுத்து, பத்து நிமிடத்தில் முடியும் 30 மதிப்பெண் சோதனை. 1975இல் வந்த எம்எம்எஸ்இ, 2005இல் வந்த மோக்கா இரண்டும் இந்த வகை. மோக்காவில் 26க்குக் கீழே போனால் மேலே பார்க்க வேண்டும் என்பது வழக்கமான அளவுகோல். 12 வருடமோ அதற்குக் குறைவாகவோ படித்தவருக்கு ஒரு மதிப்பெண் கூட்டிக் கொடுப்பார்கள். ராமநாதபுரத்திலேயே மனநல மருத்துவரிடமோ நரம்பியல் மருத்துவரிடமோ கேட்டுச் செய்துகொள்ளலாம். பஸ் செலவோடு முடிந்துவிடும்.

சிக்கல் இரண்டு முனையிலும் இருக்கிறது. பாம்பனில் சின்ன வயதிலிருந்து கடலுக்குப் போகிறவர், பள்ளிக்கூடம் பார்க்காதவர். வாடைக் காற்றும் சோழகக் காற்றும் எப்போது திரும்பும் என்று சொல்லிவிடுவார். அவர் கையில் பேனாவைக் கொடுத்துக் கனசதுரம் வரை, கடிகாரம் வரை என்றால் மதிப்பெண் போய்விடும். மோக்காவின் மூல வடிவத்தில் காண்டாமிருகப் படத்தைக் காட்டிப் பெயர் கேட்பார்கள். ஆவுளியாவை, அதாவது கடல்பசுவைக் காட்டியிருந்தால் தூக்கத்தில்கூடச் சொல்லியிருப்பார். குறைவாகப் படித்தவர்களுக்கு மோக்கா பேசிக் என்று தனி வடிவம் உண்டு, அதைக் கேட்டு வாங்குங்கள். மறுமுனையில் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். 29 வாங்கிவிட்டு "எனக்கு ஒன்றுமில்லை" என்று கிளம்பிவிடுவார். வீட்டில் அவர் மனைவிக்குத்தான் தெரியும், மனுஷர் பழையபடி இல்லை என்று. இவருடைய சறுக்கலை அளக்க இந்தச் சோதனை போதாது.

முழு நரம்பியல் உளவியல் மதிப்பீடு இந்த இடத்தில்தான் கைகொடுக்கிறது. சில மணி நேரம் ஆகும், சில சமயம் இரண்டு நாளாகப் பிரிப்பார்கள். கவனம், மொழி, ஞாபகம், திட்டமிடுதல், மனநிலை என்று தனித்தனியாகப் பார்ப்பார்கள். உதாரணத்துக்கு, 15 சொற்களை ஐந்து முறை படித்துக் காட்டி ஒவ்வொரு முறையும் திருப்பிச் சொல்லச் சொல்வார்கள். அரை மணி போல விட்டு மறுபடி கேட்பார்கள். அப்புறம் வேறு சொற்களோடு கலந்துகொடுத்து, "இது அந்தப் பட்டியலில் இருந்ததா?" என்பார்கள். தானாகச் சொல்ல முடியாமல் கேட்டதும் அடையாளம் கண்டுகொண்டால், சொல் உள்ளே பதிந்திருக்கிறது, எடுப்பதில்தான் தடை என்று பொருள். மனச்சோர்விலும் தூக்கக் குறைவிலும் பெரும்பாலும் இப்படி வரும். கேட்டும் அடையாளம் தெரியவில்லை என்றால் பதிவதிலேயே கோளாறு. அல்சைமர் போன்ற நோயில் காணும் தன்மை அது. வீட்டில் பார்த்தால் இரண்டும் ஒரே மறதி, வைத்தியம் வேறு வேறு. 30க்கு இத்தனை என்ற ஒற்றை எண்ணில் இந்த வித்தியாசம் தெரியாது.

இதிலும் குறை உண்டு. பெரும்பாலும் மதுரைக்கோ அதற்கு அப்பாலோ போக வேண்டும். ராமேஸ்வரத்திலிருந்து மதுரையே சுமார் 170 கிலோமீட்டர். களைத்துப் போய் உட்கார்ந்தால் கவனம் சிதறும், அதனால் முந்தின நாளே போய்த் தங்குவது நல்லது. பெங்களூரில் உள்ள தேசிய மனநல, நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸ் 2004இல் வெளியிட்ட சோதனைத் தொகுப்பு படிக்காதவர், பள்ளி, கல்லூரி என்று பிரித்து ஒப்பிடுகிறது. பாம்பன்காரருக்கு இது நியாயமான ஏற்பாடு. ஆனால் அதன் ஒப்பீட்டு அளவுகள் 65 வயது வரைதான், எழுபதைத் தாண்டியவருக்கு எதோடு ஒப்பிடுவார்கள் என்று கேளுங்கள். தமிழிலேயே நடக்குமா என்பதையும் முன்கூட்டியே உறுதி செய்துகொள்ளுங்கள்.

செல்போனில் வரும் 'மூளை வயது' செயலிகளைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

எண்பது வயதுப் பாட்டிக்குச் சாப்பிட்டதே நினைவில்லை, வீட்டு வழியே தெரியவில்லை என்றால் அவரை மதுரைக்கு அலைக்கழிக்காதீர்கள்; ரத்தப் பரிசோதனை, குட்டிச் சோதனை, தேவையானால் ஸ்கேன் போதும். இன்னும் வேலையில் இருப்பவர், மதிப்பெண் நன்றாக வந்தும் வீட்டார் கவலைப்படுகிறவர், பக்கவாதத்துக்குப் பிறகு மறுபடி விசைப்படகு ஓட்டலாமா என்று முடிவெடுக்க வேண்டியவர், இவர்களுக்கு முழு மதிப்பீட்டுக்கு ஆகும் காசும் அலைச்சலும் தகும். போகும்போது கண்ணாடி, காது மெஷின், மாத்திரைச் சீட்டு, கூடவே வசிக்கிற ஒருவர், நாலும் வேண்டும். அறிக்கையின் நகலை வாங்கி வையுங்கள். ஒரு வருடம் கழித்து மறுபடி சோதித்தால் ஒப்பிட அதுதான் தேவைப்படும்.