ட்ரெயின் போல்ட் மரை போனால்: எம்14 டேப்பா, ஹெலிகாயிலா, லேத் புஷ்ஷா?

பைக்கின் ஆயில் மாற்றி முடித்து, என்ஜினின் அடியில் ஆயிலை இறக்கும் ட்ரெயின் போல்ட்டை இறுக்குகிறீர்கள். கனக்க வேண்டிய இடத்தில் ஸ்பேனர் கனக்காமல் வழுக்கிக்கொண்டு சுற்றினால் கையை அங்கேயே நிறுத்துங்கள். ‘இன்னும் கால் சுற்று’ என்று போனால் மிச்சமிருக்கும் மரையும் கையோடு வந்துவிடும். போல்ட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். பள்ளங்களில் வெள்ளி நிறத்தில் சுருள் கம்பி மாதிரி ஏதாவது சுற்றியிருந்தால் அது என்ஜின் கேஸின் மரை. போல்ட் எஃகு, கேஸ் வார்ப்பு அலுமினியம். இரண்டும் மல்லுக்கட்டினால் தோற்பது எப்போதும் அலுமினியம்தான்.

இங்கே சொல்வதெல்லாம் ஸ்ப்ளெண்டர், ஷைன் மாதிரி 100 முதல் 150 சிசி வண்டிகளை மனதில் வைத்து. இவற்றில் ட்ரெயின் போல்ட் எம்12×1.5, அதாவது 12 மி.மீ. விட்டம், 1.5 மி.மீ. பிட்ச் (ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் இடையிலான தூரம்). வேறு வண்டி என்றால் காலிப்பரும் பிட்ச் கேஜும் வைத்து அளந்துவிட்டே கடைக்குப் போங்கள். ஆயில் சல்லடையின் மூடியே ட்ரெயினாக இருக்கும் வண்டிகளின் பெரிய மூடிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே ஆயிலை அடைப்பது ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம். மூடியை முறுக்கி இறுக்குவதால் எந்தப் பயனும் இல்லை.

மரை ஏன் போகிறது? இந்த போல்ட்டுக்குக் கம்பெனி சொல்லும் இறுக்கம் வண்டியைப் பொறுத்து 20 முதல் 30 நியூட்டன் மீட்டர். 24 என்று வைத்துக்கொண்டால், 20 செ.மீ. நீள ரிங் ஸ்பேனரின் முனையில் 12 கிலோ எடை தொங்கினால் போதும். வாட்டசாட்டமான ஆள் உட்கார்ந்த வாக்கில் இழுத்தாலே அதைப் போல மூன்று மடங்கு வரும். அதிலும் பழைய வாஷரையே திரும்பத் திரும்பப் போட்டு, ஆயில் கசிந்ததும் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று இறுக்குவதுதான் வழக்கமான கதை. கசிந்தது வாஷரால், செத்தது மரை. இன்னொன்றும் நடக்கும். பழைய வாஷர் கேஸோடு ஒட்டிக்கொண்டிருப்பதைக் கவனிக்காமல் அதன்மேல் புது வாஷரையும் வைத்துவிடுவார்கள். பிடிக்கும் மரையில் ஒரு சுற்று அப்போதே குறைந்துவிடுகிறது.

ஒரு புது போல்ட்டை வாங்கி, வாஷர் இல்லாமல் விரலால் ஏற்றிப் பாருங்கள். ஆடாமல் ஏறினால் போனது பழைய போல்ட்டின் மரை மட்டும், செலவு அதோடு முடிந்தது. போல்ட்டின் தலை மட்டும் உருண்டு கழற்ற வரவில்லை என்றால் அது வேறு நோய்: ஆறு முனை சாக்கெட்டைச் சுத்தியால் தட்டி ஏற்றிக் கழற்றுங்கள், வராவிட்டால் வைஸ் கிரிப். பன்னிரண்டு முனை ரிங் ஸ்பேனரைக் கிட்டே கொண்டுபோகவே வேண்டாம்.

போல்ட் கடகடவென்று ஆடினால் கேஸின் மரைதான். இனி எந்த வைத்தியம் என்பதை விலையை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஓட்டையைச் சுற்றி எவ்வளவு அலுமினியம் மிச்சம் என்று பாருங்கள். போல்ட் உட்காரும் அந்தத் தடித்த வட்டத்தின் வெளி விட்டத்தை அளந்து, போடப்போகும் மரையின் விட்டத்தைக் கழித்து, இரண்டால் வகுங்கள். சுற்றிலும் 3 மி.மீ. சுவராவது நிற்க வேண்டும். 22 மி.மீ. வட்டத்தில் எம்14 போட்டால் 4 மி.மீ. நிற்கும், எம்18 போட்டால் 2 மி.மீ.தான். ஒவ்வொரு ரிப்பேரும் இந்தச் சுவரைத் தின்கிறது. அடுத்த முறைக்கு ஒரு வாய்ப்பை மிச்சம் வைக்கும் வழியே நல்ல வழி.

முதலில் உலோகத்தையே தொடாத வழி: நீள போல்ட்

பல கேஸ்களில் கம்பெனி போல்ட் எட்டாத ஆழத்திலும் மரை வெட்டப்பட்டிருக்கும், அந்தப் பகுதி புத்தம் புதிதாக இருக்கும். சைக்கிள் ஸ்போக் ஒன்றின் நுனியை ‘ட’ மாதிரி வளைத்து உள்ளே விட்டு, உள் விளிம்பில் மாட்டி, கேஸின் முகத்தோடு சேரும் இடத்தில் நகத்தால் பிடித்து வெளியே எடுத்து அளந்தால் முழு ஆழம் தெரிந்துவிடும். கம்பெனி போல்ட்டைவிட 6 மி.மீ. கூடுதல் மரை இருந்தாலே நான்கு புது சுற்று கிடைக்கும். ட்ரெயின் போல்ட் எடை தாங்குகிற போல்ட் இல்லை, வாஷரை நசுக்கினால் போதும் என்பதால் நான்கைந்து நல்ல சுற்றே இதற்குத் தாராளம்.

அபாயம் உள்பக்கத்தில். நீண்ட முனை கியரிலோ சல்லடையிலோ போய் இடிக்கலாம். ஆயில் ஊற்றும் முன் போல்ட்டைக் கையால் முழுக்க ஏற்றிவிட்டு, கிக்கரை மெதுவாக அழுத்தியும், கியர் போட்டுப் பின்சக்கரத்தைக் கையால் சுற்றியும் பாருங்கள். எங்கேயும் உரசல் இல்லை என்றால், இதைவிட மலிவான, திரும்பிப்போகக் கூடிய வழி வேறில்லை. ஆழம் இல்லாத கேஸில் இதை யோசிக்கவே வேண்டாம்.

எம்14, ஹெலிகாயில்: தின்பது ஒரே அளவு

ஓட்டையை எம்14 அளவுக்குப் பெரிதாக்கி, டேப் என்ற மரை வெட்டும் கருவியால் புது மரை போடுவது ஒரு வழி. பெரிய மரை வெட்டி, உள்ளே ஹெலிகாயில் என்ற கம்பிச் சுருளை ஏற்றிப் பழைய எம்12 அளவுக்கே கொண்டுவருவது இன்னொன்று. பட்டறையில் இந்த இரண்டையும் ஏதோ இரு துருவம் மாதிரிப் பேசுவார்கள். எம்14 போட்டால் ஓட்டை பெரிதாகிவிடும், ஹெலிகாயிலில் பழைய அளவே நிற்கும் என்பது பேச்சு. கணக்கைப் பாருங்கள். எம்12×1.5 ஹெலிகாயிலுக்கு வெட்டும் மரையின் வெளி விட்டம் ஏறக்குறைய 13.95 மி.மீ. எம்14×1.5 மரைக்கு 14. பிட்ச்சும் அதே 1.5. ட்ரில்லும் இரண்டுக்கும் 12.5 மி.மீ. சுற்றிதான், கிட் தரும் அளவில் ஒரு புள்ளி முன்னே பின்னே இருக்கும். ஆக, கேஸில் இருந்து போகும் அலுமினியம் இரண்டிலும் ஒன்றுதான்.

வித்தியாசம் பிறகுதான் வருகிறது. ஹெலிகாயில் என்பது ஸ்டெயின்லெஸ் கம்பிச் சுருள். போல்ட் இனி எஃகு மரையில் ஏறி இறங்கும், வருடத்துக்கு மூன்று முறை கழற்றினாலும் தேயாது. எம்14-இல் மறுபடியும் அலுமினிய மரைதான், விட்டம் மட்டும் கொஞ்சம் பெரிது. முறுக்குகிற கை மாறாவிட்டால் அதுவும் ஒருநாள் போகும். போனால் அடுத்தது புஷ்தான் (லேத்தில் கடைந்து ஓட்டையில் ஏற்றும் உலோகக் குழாய்).

ஆனாலும் எம்14-இன் பக்கம் நியாயம் உண்டு. டேப் எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும். போல்ட்டும் அப்படியே: ஹோண்டா கார்களின் ட்ரெயின் போல்ட் எம்14×1.5, தலை 17 மி.மீ., அதே ஸ்பேனர் போதும். வாங்கும்போது இரண்டைப் பாருங்கள். ஒன்று நீளம், அதிகமாக இருந்தால் லேத்தில் வெட்டிக்கொள்ளுங்கள், இரண்டு வாஷர் போட்டுச் சமாளிக்காதீர்கள். மற்றது, 14-க்கான வாஷர் அகலமானது. கேஸில் வழவழப்பாகக் கடைந்த வட்டம் 12-க்கு அளவாக இருந்தால் வாஷரின் ஓரம் வார்ப்பின் சொரசொரப்பில் ஏறி நிற்கும், எவ்வளவு இறுக்கினாலும் கசியும். முதலில் வாஷரை வெறுமனே வைத்துப் பார்த்துவிடுங்கள். காருக்குப் போடும் இறுக்கத்தையும் இங்கே கொண்டுவர வேண்டாம், பழைய 24-25 போதும்.

ஹெலிகாயில் வழியாக ஆயில் கசியும் என்ற பயமும் பரவலாக உண்டு. சுருளுக்குப் பின்னால் ஆயில் ஊறி வரும் என்பது உண்மை. ஆனால் அது வந்து நிற்பது வாஷரின் அடியில். ஓட்டை 14 மி.மீ., வாஷரின் வெளி விட்டம் 20 மி.மீ. என்றால் ஓட்டைக்கு வெளியே சுற்றிலும் 3 மி.மீ. பட்டை இருக்கிறது, அடைப்பது அதுதான். சுருளின் கடைசிச் சுற்று கேஸின் முகத்துக்கு மேலே துருத்தினால் மட்டும்தான் வாஷர் சரியாக உட்காராமல் கசியும். அதனால் முகத்தில் இருந்து கால் முதல் அரைச் சுற்று உள்ளே தள்ளி நிறுத்த வேண்டும்.

இன்னொரு இடறல் சுருளின் அடியில் உள்ள சின்ன வால். சுருளை ஏற்றுவதற்கு மட்டும்தான் அது, பிறகு ஒடித்தெடுக்க வேண்டும். ஒரே தட்டாகத் தட்டி ஒடித்தால் என்ஜினுக்குள் விழும். காந்தத்தை விட்டுத் தேடினாலும் ஸ்டெயின்லெஸ் சரியாக ஒட்டாது. மூக்கு நீண்ட ப்ளையரால் கவ்விப் பிடித்தபடியே மேலும் கீழும் அசைத்து ஒடித்தால் ப்ளையரின் வாயிலேயே நிற்கும். சுருளின் நீளம் 12, 18 மி.மீ. என்றெல்லாம் வரும். கேஸின் ஆழத்தைவிடச் சிறியதையே எடுங்கள். வெளிப்பக்கம் இரண்டு சொட்டு உறுதியான லாக்டைட் (மரையைப் பிடித்து வைக்கும் பசை) விட்டால் போல்ட்டோடு சுருளும் கழன்று வராது. ஆனால் மரையில் ஆயில் ஈரம் இருந்தால் லாக்டைட் பிடிக்காது. பிரேக் க்ளீனரால் கழுவிக் காயவிட்டுப் போட்டு, ஒரு நாள் விட்டு ஆயில் ஊற்றுங்கள்.

டேப் கோணினால் எல்லாம் கோணும்

மேலே சொன்ன இரண்டிலும் வேலை கெடுவது இங்கேதான். மரை சாய்வாக விழுந்தால் போல்ட் தலையின் ஒரு பக்கம் மட்டும் அழுத்தும், கசிவு நிற்கவே நிற்காது. சைடு ஸ்டாண்டில் சாய்ந்திருக்கும் வண்டியின் அடியில் படுத்துக்கொண்டு கண் மட்டத்தில் நேர் பார்ப்பது நடக்காத காரியம். சென்டர் ஸ்டாண்ட் போடுங்கள். எம்14×1.5 நட்டு ஒன்றை வாங்கி, ஒரு முகத்தைத் தட்டையாகத் தேய்த்து, அதைக் கேஸின் முகத்தோடு அழுத்திப் பிடித்து, அதன் வழியாக டேப்பை விட்டால் டேப் தானாக நேராகப் போகும். ஹெலிகாயில் டேப்புக்கும் இதே நட்டு உதவும்.

12.5 ட்ரில் பிட் அலுமினியத்தைக் கடித்ததும் உள்ளே இழுத்துக்கொண்டு பாயும், முனை கியரில் போய் நிற்கும். பிட்டில் ஆழத்தைக் குறித்து ஒரு துண்டுக் குழாயை மாட்டிவிடுங்கள், அதற்கு மேல் போகாது. டேப்பின் பள்ளங்களில் கிரீஸை அடைத்துக்கொண்டு, அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே. இரண்டு மூன்று சுற்றுக்கு ஒருமுறை டேப்பை முழுக்க வெளியே எடுத்துத் துடைத்து, புது கிரீஸ். ஓட்டை கீழ்நோக்கி இருப்பது நமக்கு அதிர்ஷ்டம், பிசிறில் பாதி தானாகவே தரையில் விழும். கீழே இருந்து ஏர் அடித்தால் அந்த அதிர்ஷ்டம் போச்சு. ஆயில் ஊற்றும் வாய் வழியாக மேலிருந்து அடியுங்கள். அதன்பின் மலிவான ஆயில் 200 மில்லியை மேலே ஊற்றி, திறந்த ஓட்டை வழியாக வெள்ளைத் துணியில் பிடியுங்கள். மினுமினுப்பு தெரியாத வரை திரும்பச் செய்யுங்கள். காந்த போல்ட் இருக்கிறதே என்று அசட்டையாக இருக்க வேண்டாம், அலுமினியப் பிசிறைக் காந்தம் பார்க்கக்கூடப் பார்க்காது.

லேத் புஷ்ஷும் டைம்சர்ட்டும்

எம்14-உம் போய்விட்டால், அல்லது யாரோ கோணலாக டேப் போட்டுக் கெடுத்துவிட்டால், வெளியே எம்16 அல்லது எம்18, உள்ளே எம்12×1.5 என்று ஒரு புஷ் கடைந்து போடுவது நம் ஊர் வழக்கம். கெட்டியான சுவர் இருக்கும் கேஸுக்கு அருமையான வழி. பித்தளையில் கடையச் சொல்லுங்கள். சூட்டில் எஃகைவிட அலுமினியத்துக்கு நெருக்கமாக விரியும், அலுமினிய புஷ் மாதிரி மென்மையாகவும் இராது. வெளி விளிம்பில் ஒரு காலர் வேண்டும், வாஷர் அதன்மேல் உட்காரும். உள் மரையையும் காலரின் முகத்தையும் லேத்தில் ஒரே பிடியில் கடைய வேண்டும்; கழற்றித் திருப்பி மாட்டிக் கடைந்தால் முகம் சாயும்.

இந்த புஷ்ஷைப் பற்றி வரும் புகார் பெரும்பாலும் ஒன்றே: அடுத்த ஆயில் சர்வீஸில் போல்ட்டோடு புஷ்ஷும் சேர்ந்து சுழன்று வந்துவிட்டது என்று. லாக்டைட் போடாமலோ, ஆயில் ஈரத்தின் மேல் போட்டோ இருப்பார்கள். காலரும் கேஸும் சேரும் கோட்டில் பஞ்ச் உளியால் இரண்டு மூன்று இடத்தில் குத்திவிடுவதும் நல்லது.

டைம்சர்ட் இதே யோசனையின் தொழிற்சாலை வடிவம். காலரோடு வரும் எஃகு புஷ்; ஏற்றும் கருவியே அடி மரையை விரித்துப் பூட்டிவிடும். வேலை சுத்தம், சுழன்று வராது. ஆனால் கிட் இறக்குமதி, விலை சில ஆயிரம். ஒரு ஓட்டைக்காக வாங்குவது கட்டுப்படியாகாது. நாலு வண்டி வரும் பட்டறை வாங்கி வைத்தால் பலன் உண்டு.

தவிர்க்க வேண்டியவை

ஓவர்சைஸ் போல்ட் என்று கடையில் ஒன்று தருவார்கள், பள்ளம் வெட்டிய உடலோடு தானே மரை வெட்டிக்கொண்டு போகும். சிலவற்றில் நடுவே ஒரு சின்ன போல்ட் இருக்கும். பெரியதைத் தொடாமல் சின்னதை மட்டும் கழற்றி ஆயில் இறக்கலாம். அந்த யோசனை நல்லதுதான், ஆனால் சின்ன ஓட்டையில் அடிமண்டி முழுதாக இறங்காது. அதைவிட, வெட்டிய பிசிறைத் தன் பள்ளத்தில் சுமந்துகொண்டு அது போவது என்ஜினுக்குள். எஃகு ஆப்பு மாதிரி ஏறுவதால் சுவர் மெலிந்த கேஸில் கீறல் விழவும் வைக்கும். இரண்டு முறை வேலையை ஏற்படுத்துகிற சிக்கனம் இது.

டெஃப்லான் டேப், எம்-சீல் எல்லாம் ரிப்பேரே இல்லை. டேப்பின் இழை கிழிந்து சல்லடையை அடைக்கும், எம்-சீல் சூட்டிலும் ஆயிலிலும் விட்டுப்போகும். இந்த வண்டிகளில் மொத்த ஆயிலே ஏறக்குறைய ஒரு லிட்டர். ஓடும்போது போல்ட் விழுந்தால் அந்த ஒரு லிட்டரும் பின் டயரில். பட்டறை வரை வண்டியைத் தள்ளிக்கொண்டு போவது நல்லது.

ஓட்டையைச் சுற்றிக் கீறல் விழுந்திருந்தால் மேலே சொன்ன எதுவும் நிற்காது, ஆர்கன் வெல்டிங்தான். வருடக்கணக்காக ஆயில் ஊறிய அலுமினியம் வெல்டிங்கில் கொப்பளித்துத் துளைத் துளையாக வரும் என்பதால், என்ஜினை இறக்கிப் பிரித்து, கேஸைக் கழுவிச் சூடேற்றிய பிறகே அடிக்க வேண்டும். நிரப்பிய இடத்தில் புதிதாக ட்ரில், புதிதாக எம்12 டேப். அந்தச் செலவில் புது கேஸே போட்டுவிடலாமா என்று தோன்றும். போடும் முன் என்ஜின் நம்பர் எந்தப் பாதியில் பொறித்திருக்கிறது என்று பாருங்கள். மாற்றப்போவது அந்தப் பாதி என்றால், பில்லோடு ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போய் ஆர்.சி.யில் பதிவை மாற்ற வேண்டிவரும்.