கோத்தகிரியில் கெட்டமைன் மயக்கத்துடன் கை முறிவுச் சிகிச்சை: ஒரு மதிப்புரை

கோத்தகிரி அருகே உள்ள ஒரு சிறிய தனியார் மருத்துவமனையில், குழந்தைகளின் எலும்பு முறிவைக் கெட்டமைன் என்ற மயக்க மருந்து கொடுத்து நேராக்கி மாவுக்கட்டுப் போடுகிறார்கள். மலையில் வாழ்பவர்களுக்கு இது பெரிய உதவி. இல்லையென்றால் முறிந்த கையோடு அழும் பிள்ளையை மடியில் கிடத்திக்கொண்டு, மேட்டுப்பாளையம் சாலையின் வளைவுகளையெல்லாம் கடந்து கோயம்புத்தூர் வரை போகவேண்டும். தேயிலைத் தோட்டத்துக் கல்படியில் விழுந்த என் அக்கா மகனை இந்த மருத்துவமனைக்குத்தான் கொண்டுபோனோம்.

மருந்தின் பெயரைக் கேட்டதும் அக்கா அதிர்ந்துபோனார். கடத்தல் செய்திகளில் மட்டுமே அவர் கேள்விப்பட்ட பெயர் அது. ஆனால் 1962இல் உருவாக்கப்பட்டு, 1970இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்று, வியட்நாம் போரில் காயம்பட்ட வீரர்களுக்குப் பயன்பட்ட இம்மருந்து, 1985 முதல் உலக சுகாதார அமைப்பின் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் இருக்கிறது. மற்ற பல மயக்க மருந்துகள் மூச்சையும் இரத்த அழுத்தத்தையும் தாழ்த்திவிடும். கெட்டமைனை உரிய அளவில் கொடுத்தால் நோயாளி பெரும்பாலும் தானே மூச்சுவிடுவார், இரத்த அழுத்தமும் சற்று உயரவே செய்யும். பெரிய கருவிகள் இல்லாத சிறு மருத்துவமனைகளுக்கு இது ஏற்றதாக இருப்பதற்கு அதுவே காரணம்.

மயக்கவியல் மருத்துவரின் கவனத்தை மனமாரப் பாராட்ட வேண்டும். பையன் கடைசியாக எப்போது சாப்பிட்டான் என்று கேட்டதோடு, சளியும் இருமலும் உண்டா என்று இரண்டு முறை கேட்டார். சளி பிடித்திருக்கும் குழந்தைக்கு இம்மருந்தால் குரல்வளை இறுகிக்கொள்ளும் ஆபத்து கூடுதல் என்பதால், ஆண்டில் பாதி நாள் மூக்கொழுகும் நம் மலைப் பிள்ளைகளுக்கு இது கேட்டே ஆகவேண்டிய கேள்வி. எடை பார்த்து அளவைக் கணக்கிட்டார். நரம்பில் செலுத்தும்போது கிலோவுக்கு 1 முதல் 2 மில்லிகிராம் வரை கொடுப்பது வழக்கம். "பையன் கண்ணைத் திறந்தே வச்சிருப்பான் அக்கா, ஆனா வலி தெரியாது, பயப்படாதீங்க" என்று முன்கூட்டியே சொன்னார்.

அவர் சொன்னபடியே ஆயிற்று. ஊசி போட்ட ஒரு நிமிடத்துக்குள் அழுகை நின்றது. கண்கள் பாதி திறந்தபடி இடமும் வலமுமாக மெல்லத் துடித்தன. கடைவாயில் வழிந்த எச்சிலைச் செவிலியர் உடனுக்குடன் உறிஞ்சு குழாயால் எடுத்தார்; விரலில் மாட்டிய கருவி ஆக்சிஜன் அளவைக் காட்டிக்கொண்டே இருந்தது. எலும்பை இழுத்துப் பொருத்தியபோது பையன் முகம் சுளிக்கவில்லை. மூளையில் நரம்புச் செய்திகளை வாங்கும் என்எம்டிஏ எனும் ஏற்பிகளை அடைப்பதன் மூலம் இம்மருந்து வலியுணர்வையும் நினைவையும் துண்டித்துவிடுகிறது; அவனுக்கும் கை நேரானது நினைவில் இல்லை.

குறை என்று சொன்னால், மயக்கம் தெளியும் நேரத்தைச் சொல்வேன். அந்த நேரத்தில் குழப்பமும் விசித்திரக் காட்சிகளும் வரலாம் என்பதால், சத்தமும் வெளிச்சமும் குறைந்த இடத்தில் படுக்க வைக்கவேண்டும். இங்கேயோ புறநோயாளிகள் பேசிக்கொண்டிருந்த தாழ்வாரத்தை ஒட்டிய கட்டிலைக் கொடுத்தார்கள். "கட்டில் மேலே போகுது" என்று பையன் அலறினான். அக்கா கையைப் பிடித்துக்கொண்டு பேசிய பிறகே அடங்கினான். பிறகு ஒருமுறை வாந்தியெடுத்தான், அது எதிர்பார்க்கக்கூடியதே. ஒப்புதல் படிவம் முழுக்க ஆங்கிலத்தில் இருந்ததும் சரியல்ல. கையெழுத்துப் போடுபவருக்குப் புரியும் மொழியில் அது இருக்கவேண்டும்.

கட்டணம் முன்பே சொன்னதுதான், அதற்குமேல் கேட்கவில்லை. மருந்துக் குப்பியின் கணக்கைப் பதிவேட்டில் எழுதியதையும் கவனித்தேன். இந்தியாவில் இது 2013 முதல் எக்ஸ் அட்டவணை மருந்து, அதாவது சட்டப்படி கடுமையான கட்டுப்பாட்டில் உள்ள மருந்து. போதைக்காகத் தொடர்ந்து எடுப்பவர்களுக்குச் சிறுநீர்ப்பை கெட்டுப்போவதும் உண்டு. ஆகவே அந்தக் கண்டிப்பு தேவையானதே.

பிள்ளைக்குக் கை முறிந்தால் இங்கே தயங்காமல் போகலாம். பெரியவர்களானால், கட்டுப்படாத இரத்த அழுத்தமோ இதய நோயோ மனநோய்க்கான சிகிச்சையோ இருப்பதை ஊசிக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். அவர்களுக்கு வேறு மருந்தைத் தேர்ந்தெடுக்கவேண்டி வரலாம்.