யூவி: டேட்டாவுக்குக் காசு கொடுப்பவனின் மதிப்பீடு

முதலில் தீர்ப்பு: பைதான் நிரல்களுக்கு வேண்டிய தொகுப்புகளை (பிறர் எழுதிவைத்த ஆயத்த நிரல்களை) நிறுவிப் பராமரிக்கும் யூவி (uv) என்ற கருவிக்கு ஐந்துக்கு நான்கு. தொகுப்பு நிறுவும் பிப்பும் (pip), ஒவ்வொரு திட்டத்துக்கும் தனிச் சூழல் அமைக்கும் வென்வும் (venv) இருக்க வேறென்ன வேண்டும் என்று பல காலம் பிடிவாதம் பிடித்தவன் கொடுக்கும் நான்கு இது.

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறேன். பிழைப்புக்குச் சரக்குக் கிடங்கு ஒன்றின் கணக்கு நிரல்கள். ஓய்வு நேரத்தில், எங்கள் கோயிலில் பெட்டி பெட்டியாகக் கிடக்கும் பழைய காவடித் திருவிழா அறிவிப்புகளை ஸ்கேன் செய்து, அவற்றிலுள்ள தமிழைக் கணினி உரையாக மாற்றுகிறேன். தமிழ் வகுப்புப் பிள்ளைகள் சிலர் உதவிக்கு வருவார்கள். ஒருவரிடம் விண்டோஸ், இன்னொருவரிடம் லினக்ஸ் வகையான உபுண்டு, மூன்றாமவரிடம் அண்ணன் விட்டுப்போன மடிக்கணினி. "அங்கிள், உங்களுடையதில் ஓடுகிறது, என்னுடையதில் ஏன் ஓடவில்லை?" என்பதுதான் எங்களுக்குக் கடவுள் வாழ்த்து.

அந்தக் கேள்விக்குப் பதில் பெரும்பாலும் நிரலில் இருக்காது, அது சார்ந்திருக்கும் தொகுப்புகளின் பதிப்பில் இருக்கும். 2024 ஜூனில், எண் கணக்குகளுக்கான நம்பை (NumPy) தொகுப்பின் 2.0 பதிப்பு வந்தது. படங்களைக் கையாளும் ஓப்பன்சிவிக்குப் (OpenCV) பழைய பதிப்பைக் குறித்துவிட்டு நம்பைக்கு எதுவும் குறிக்காத தொகுப்புப் பட்டியல்கள் ஊரெல்லாம் இருந்தன. ஜூனுக்கு முன் நிறுவியவருக்கு எல்லாம் நலம். பின்பு நிறுவியவருக்கோ, நம்பை 1-ஐ வைத்துத் தொகுக்கப்பட்ட ஓப்பன்சிவி முதல் வரியிலேயே விழுந்தது. அதற்கு முன்பு, 2023 அக்டோபரில் பைதான் 3.12 தொகுப்புகளைக் கட்டி நிறுவும் பழைய டிஸ்ட்யூட்டில்ஸ் (distutils) பகுதியை நீக்கியபோதும் இதே கதைதான். உபுண்டு 23.04 முதல், இயங்குதளத்தின் பைதானுக்குள் பிப் நேரடியாக நிறுவ மறுக்கிறது. நல்ல தடைதான். ஆனால் அதை மீறும் வழியை முகம் தெரியாத யாராவது பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள்.

ஆஸ்ட்ரல் நிறுவனம் ரஸ்ட் மொழியில் எழுதி 2024 பிப்ரவரியில் வெளியிட்ட கருவி யூவி. வேகம், வேகம் என்று எல்லோரும் பாடுகிறார்கள். வேகம் உண்மைதான், ஆனால் என்னைக் கவர்ந்தது அதன் சிக்கனம். ஒருமுறை இறக்கிய தொகுப்பைப் பொதுவான ஓரிடத்தில் சேமித்துவைத்து, அடுத்த திட்டத்துக்கு அதையே இணைத்துக்கொள்கிறது. சூழல் கெட்டுவிட்டதா? கோப்புறையை அழித்துவிட்டு 'யூவி சிங்க்' என்று கொடுத்தால், பூட்டுக் கோப்பில் எழுதியிருக்கும் அதே பதிப்புகளோடு மீண்டும் எழுந்து நிற்கிறது. எல்லாம் சேமிப்பில் இருந்தால் இணைய இணைப்பே வேண்டாம். தேவையான பைதான் பதிப்பையும் அதுவே கொண்டுவந்துவிடும்.

கேப்டவுனிலோ சென்னையிலோ வரம்பில்லா இணைப்போடு உட்கார்ந்திருப்பவருக்கு இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். ஆனால் இங்கே, 2023-இல் சுழற்சி மின்வெட்டு கடுமையான ஆறாம் நிலைக்குப் போன நாள்களில், மின்சாரத்தோடு வீட்டு ரவுட்டரும் போய்விடும். மிச்சம் கைபேசி டேட்டாதான். அதன் விலை இந்த நாட்டில் மிக அதிகம் என்றும், சிறு அளவில் வாங்கும் ஏழைகள் ஒரு மெகாபைட்டுக்கு இன்னும் கூடுதலாகக் கொடுக்கிறார்கள் என்றும் அரசின் போட்டி ஆணையமே 2019 டிசம்பரில் சொன்னது. இப்படிப்பட்ட இடத்தில் லினக்ஸ் கணினியில் இயந்திரக் கற்றலுக்கான பைடார்ச்சை (PyTorch) அப்படியே நிறுவச் சொன்னால், கிராபிக்ஸ் அட்டைக்கான என்விடியாவின் கூடா (CUDA) கோப்புகளும் ஒட்டிக்கொண்டு வந்து சில கிகாபைட்டை விழுங்கிவிடும். எங்கள் கணினிகளில் கிராபிக்ஸ் அட்டையே கிடையாது. அந்த அட்டை தேவைப்படாத சிபியு பதிப்பை மட்டும் எங்கிருந்து எடுக்க வேண்டும் என்று திட்டக் கோப்பிலேயே எழுதிவைக்க யூவி விடுகிறது. நான் ஒருவன் எழுதினால் போதும், பிள்ளைகளின் பாக்கெட் பணம் தப்பும்.

இனி குறைகள். யூவி உருவாக்கும் சூழலுக்குள் பிப் இருக்காது. பழக்கதோஷத்தில் யாராவது பிப் என்று தட்டினால், வெளியே இருக்கும் வேறொரு பிப் வேலை செய்துவிட்டு "நிறுவியாயிற்று" என்று சமர்த்தாகச் சொல்லும். நிரலோ எதுவும் இல்லை என்று கதறும். புதியவர்களுக்கு இதைவிடக் குழப்பம் வேறு இல்லை. ஒரு மதிப்பெண் குறைத்தது இதற்காகத்தான். சேமிப்பு ஒரு டிரைவிலும் திட்டம் இன்னொரு டிரைவிலும் இருந்தால், இணைப்பதற்குப் பதிலாக முழுதாக நகலெடுக்கும். சிக்கனத்தில் பாதி போயிற்று. இணையக் காத்திருப்பு நேரம் இயல்பாக 30 விநாடி. கைபேசி இணைப்பில் 'யூவி எச்டிடிபி டைம்அவுட்' (UV_HTTP_TIMEOUT) என்ற சூழல் மாறியை உயர்த்திவையுங்கள்.

பைதானுக்கு வெளியே இருப்பதை யூவி தொடாது. படத்திலுள்ள எழுத்தைப் படிக்க உதவும் பைடெசராக்ட் (pytesseract) நொடியில் வந்துவிடும். அது கூப்பிடும் டெசராக்ட் நிரலையும் அதன் தமிழ்த் தரவுக் கோப்பையும் ஒவ்வொரு கணினியிலும் தனியாகத்தான் நிறுவ வேண்டும். உபுண்டுவில் ஒரு கட்டளை, விண்டோஸில் ஒரு மாலை நேரம். இதை யூவியின் குறையாக எண்ணவில்லை, ஆனால் பூட்டுக் கோப்பு இருக்கிறது என்று நிம்மதியாகத் தூங்கவும் முடியாது.

நிலவரைபட வேலைக்கு, சி++ மொழியில் எழுதிய ஜிடால் (GDAL) போன்ற நூலகங்கள் வேண்டியவர்கள், அவற்றையும் நிறுவித்தரும் காண்டா (conda) கருவியை அழித்துவிட வேண்டாம். காண்டாவை உருவாக்கிய அனகோண்டா நிறுவனத்தின் சொந்தத் தொகுப்புக் கிடங்கை 200 பேருக்கு மேல் உள்ள நிறுவனங்கள் பணம் கட்டித்தான் பயன்படுத்த வேண்டும் என்பதால், அலுவலகக் கணினியில் காண்டாவைத் தரும் மினிஃபோர்ஜை நிறுவுங்கள். அது தன்னார்வலர்கள் பராமரிக்கும் காண்டா-ஃபோர்ஜ் கிடங்கிலிருந்து எடுக்கும். மற்றவர்களுக்கு யூவியே போதும். இலவசம்தான்.